35 வயதில், இரண்டு பிள்ளைகளுடன், லண்டனில் மருத்துவிச்சிப் பட்டப்படிப்பு: அனுபவமுள்ளவர்களிடம் ஒரு வினா

வல்லிபுரக்காரி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். திருமணமாகி 2014ஆம் ஆண்டு இலங்கையிலிருந்து லண்டனுக்கு வந்தேன்; இப்போது நிரந்தர வதிவிட உரிமை இருக்கிறது. பிள்ளைகளுக்கு ஒன்பது வயதும் ஆறு வயதும் ஆகின்றன. கணவர் பேருந்துச் சாரதியாக வேலை செய்கிறார், அவருடைய பணிநேரம் வாரத்துக்கு வாரம் மாறும். நான் பிள்ளைகளின் பாடசாலை உணவறையில் மதிய நேரத்தில் மட்டும் வேலை செய்கிறேன்.

ஊரில் 2009ஆம் ஆண்டு உயிரியல் பிரிவில் உயர்தரப் பரீட்சை எழுதினேன். உயிரியலில் பி, இரசாயனவியலில் சி, பௌதிகவியலில் எஸ், அதாவது சாதாரணச் சித்தி. மருத்துவபீடத்துக்கு அந்தப் பெறுபேறு போதாது என்பது தெரிந்ததே. அதற்குப் பிறகு நான் எதையும் தொடர்ந்து படிக்கவில்லை. இப்போது மிட்வைஃபரி, அதாவது மருத்துவிச்சிப் பட்டப்படிப்பு, படிக்க வேண்டும் என்ற எண்ணம் இரண்டு வருடமாக மனத்தைவிட்டுப் போகாமல் இருக்கிறது.

சிறுவயதில் எங்கள் ஊருக்குக் குடும்பநல உத்தியோகத்தர், அதாவது அரச மருத்துவிச்சி, ஒருவர் சைக்கிளில் வருவார். எந்த வீட்டில் யார் எத்தனை மாதம், யாருக்குக் கால் வீங்கியிருக்கிறது, எந்தக் குழந்தையின் நிறை ஏறவில்லை என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். இங்கே என் இரண்டாவது பிள்ளையின் பேற்றின்போது என்னுடன் இருந்த மருத்துவிச்சி, வலி உச்சத்தில் இருந்த வேளையிலும், ஒவ்வொரு பரிசோதனைக்கும் முன்னர் என் அனுமதியைக் கேட்டார். அதுவரை என் உடம்பைப் பற்றி என்னிடம் அனுமதி கேட்ட மருத்துவப் பணியாளர் எவரும் இல்லை. இந்த இருவரும்தான் என் எண்ணத்துக்குக் காரணம்.

அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னபோது, “பிள்ளைப்பேறு பார்க்கிறதுக்கு ஏன் பல்கலைக்கழகம்?” என்று கேட்டார். கணவர் மறுக்கவில்லை, ஆனால் முதலில் தாதியர் படிப்பை முடித்தால் வேலை உறுதி என்கிறார். எனக்குத் தெரிய வேண்டியவை இவை: பதினைந்து வருடங்களுக்கு மேற்பட்ட இலங்கைப் பெறுபேறுகளை இங்குள்ள பல்கலைக்கழகங்கள் ஏற்குமா? தாதியர் படிப்பின் வழியாகப் போவது நல்லதா, நேரடியாகப் போவது நல்லதா? சிறு பிள்ளைகளை வைத்துக்கொண்டு இரவுப் பணியும் படிப்பும் உண்மையிலேயே இயலுமா? இனிப்புத் தடவாத பதிலையே எதிர்பார்க்கிறேன்.


மூன்றாமாண்டு மாணவி எழுதியது:

சகோதரிக்கு வணக்கம். நான் தென்கிழக்கு இங்கிலாந்தில் இதே படிப்பின் இறுதி ஆண்டில் இருக்கிறேன். எனக்கு 38 வயது, பன்னிரண்டு வயதில் ஒரு மகன். நானும் யாழ்ப்பாணத்தில் உயர்தரம் படித்து, நீண்ட இடைவெளிக்குப் பின்னர் புத்தகத்தைத் தொட்டவள் என்பதால், முதல் வினாவிலிருந்து தொடங்குகிறேன்.

இலங்கை உயர்தரத்தைப் பல பல்கலைக்கழகங்கள் இங்குள்ள ஏ லெவலுக்கு நிகராகக் கருதும். உங்களுக்குத் தடையாக வரப்போவது சான்றிதழின் நாடு அன்று, அதன் வயது. பெரும்பாலான இடங்களில் கடந்த மூன்று அல்லது ஐந்து ஆண்டுகளுக்குள் ஏதேனும் ஒரு முறையான படிப்பை முடித்திருக்க வேண்டும் என்று கேட்பார்கள். ஆகவே நம்மைப் போன்றவர்களுக்கான வழக்கமான வாசல், ‘அக்சஸ்’ எனப்படும் ஓராண்டு டிப்ளோமா. மொத்தம் 60 புள்ளிகள், அவற்றுள் 45 மூன்றாம் நிலையில், அதாவது ஏ லெவலின் நிலையில், தரப்படுத்தப்படும். அந்த 45இல் எத்தனை டிஸ்டிங்ஷன் (அதிசிறப்பு), எத்தனை மெரிட் (சிறப்பு) என்பதையே பல்கலைக்கழகங்கள் பார்க்கும். சுகாதாரம் அல்லது மருத்துவிச்சித் துறை என்று பெயரிடப்பட்ட அக்சஸ் படிப்பையே தெரிவுசெய்யுங்கள். அதற்காக எடுக்கும் கடனைப் பற்றிப் பலருக்குத் தெரியாத செய்தி ஒன்று உண்டு: பின்னர் பட்டப்படிப்பை முடித்துவிட்டால், அக்சஸ் படிப்புக் கடனில் மீதமிருப்பது தள்ளுபடி செய்யப்படும்.

இதற்கு அப்பால் ஆங்கிலத்திலும் கணிதத்திலும் ஜிசிஎஸ்இ (இங்கு பிள்ளைகள் பதினாறு வயதளவில் எழுதும் பரீட்சை) நான்காம் தரம், அல்லது அதற்கு நிகரானது, தேவை. ‘ஃபங்ஷனல் ஸ்கில்ஸ்’ எனப்படும் நடைமுறை ஆங்கில, கணிதத் தகுதியின் இரண்டாம் நிலையைச் சில பல்கலைக்கழகங்கள் ஏற்கும், சில ஏற்கமாட்டா. உங்கள் சாதாரண தரச் சான்றிதழில் கணிதம் நல்ல தரத்தில் இருந்தால் அதையே ஏற்கும் இடங்களும் இருக்கின்றன. எந்த வகுப்புக்கும் பணம் கட்டுவதற்கு முன்னர், நீங்கள் விண்ணப்பிக்க நினைக்கும் பல்கலைக்கழகங்களின் சேர்க்கைப் பிரிவுக்குச் சான்றிதழின் பிரதியை இணைத்து மின்னஞ்சல் அனுப்பி, பதிலை எழுத்தில் வாங்கிவைத்துக்கொள்ளுங்கள். நான் இதைச் செய்யாமல், தேவையே இல்லாத ஒரு கணித வகுப்பில் ஆறு மாதம் உட்கார்ந்திருந்தேன்.

செலவைப் பொறுத்தவரை, இங்கிலாந்தில் 2025–26 கல்வியாண்டின் கட்டணம் 9,535 பவுண். வதிவிட உரிமையும் மூன்று ஆண்டுத் தொடர் வசிப்பும் இருப்பதால் நீங்கள் உள்நாட்டு மாணவியாகவே கணிக்கப்படுவீர்கள், மாணவர் கடன் கிடைக்கும். ஆண்டு வருமானம் 25,000 பவுணைத் தாண்டிய பிறகு, தாண்டிய தொகையில் 9 வீதத்தைச் சம்பளத்திலிருந்தே பிடித்துக்கொள்வார்கள். இதற்கு மேலாகத் தேசிய சுகாதார சேவையின் கற்றல் உதவி நிதியிலிருந்து ஆண்டுக்கு 5,000 பவுண் வரும், பதினைந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளை இருப்பவர்களுக்கு மேலும் 2,000 பவுண் வரும். இவை கடனல்ல, திருப்பிச் செலுத்தத் தேவையில்லை. குடும்ப வருமானத்தைப் பொறுத்துப் பிள்ளைப் பராமரிப்பு மானியமும் உண்டு. மருத்துவமனைப் பயிற்சிக்கான கூடுதல் பயணச் செலவைப் பின்னர் கோரிப் பெறலாம். ஆனால் முதலில் உங்கள் கையிலிருந்துதான் போகும் என்பதை நினைவில் வையுங்கள்.

இனி மணிநேரக் கணக்கு. இந்தப் படிப்பைப் பற்றி யார் என்ன சொன்னாலும் நீங்கள் மறக்கக்கூடாத எண் 4,600. மூன்று ஆண்டுகளில் அத்தனை மணிநேரத்தை நிறைவு செய்ய வேண்டும், அதில் ஏறத்தாழப் பாதி வகுப்பு, மீதிப் பாதி மருத்துவமனையிலும் சமூக நிலையங்களிலும். மற்றத் துறை மாணவர்களுக்குக் கிடைக்கும் நீண்ட கோடை விடுமுறை நமக்கு இல்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஒரு நாள் போகாவிட்டால், யாரும் திட்டமாட்டார்கள். ஆனால் அந்தப் பன்னிரண்டு மணிநேரம் பின்னால் எங்கோ உங்களுக்காகக் காத்திருக்கும். காலை ஏழரைக்குத் தொடங்கும் பணி இரவு எட்டு மணிவரை போவது வழக்கம். அதன் பின்னர் வீட்டுக்கு வந்து, மறுநாள் காலைச் சாப்பாட்டுப் பெட்டிகளை ஆயத்தம் செய்துவிட்டு, கட்டுரைக்கு உட்கார வேண்டும்.

எண்ணிக்கைகள் வேறு இருக்கின்றன. கர்ப்பகாலப் பரிசோதனைகள் நூறு; பேற்றுக்குப் பின்னர் பராமரிக்கும் தாய்மார் நூறு, சேய்கள் நூறு; சிக்கல் உள்ள பெண்களைப் பராமரித்தல் நாற்பது; உங்கள் கையால் நடத்தி முடித்த பேறுகள் நாற்பது. (போதிய பேறுகள் கிடைக்காத இடத்தில், முப்பதுடன் மேலும் இருபதில் உதவியாக நின்றால் போதும் என்ற விலக்கு உண்டு.) இந்த நாற்பதைப் பற்றி வெளியில் இருப்பவர்களுக்கு விளங்கவைப்பது கடினம். ஒரு பெண்ணுடன் பதினொரு மணிநேரம் இருந்திருப்பேன். முதுகைத் தேய்த்து, தண்ணீர் கொடுத்து, பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்டு எழுதி, இறுதியில் துடிப்பு இறங்கத் தொடங்கியதும் சத்திரசிகிச்சைக்கு அழைத்துச் செல்வார்கள். அந்தப் பதினொரு மணிநேரத்தில் நான் கற்றது மிக அதிகம், ஆனால் என் புத்தகத்தில் அது ஒரு பேறாக ஏறாது. ஆயுதமிட்டு எடுத்தால் ஏறாது. பணி முடியும் நேரத்துக்குப் பின்னர் பிறந்தால், நீங்கள் தங்கி நின்றாலன்றி, அதுவும் ஏறாது. பணி முடிந்த பிறகும் தங்கலாமா, மகனைப் பாடசாலையிலிருந்து யார் கூட்டிவருவது என்று அறைக்கு வெளியே நின்று அக்காவுக்குத் தொலைபேசி எடுத்த நாட்கள் எனக்கு நிறைய. இன்றைய நிலையில் என் எண்ணிக்கை 31. பட்டம் முடிய எட்டு மாதங்கள் இருக்கின்றன.

இதைச் சொல்வது உங்களை அச்சுறுத்துவதற்காக அல்ல. கணவரின் பணிநேரமும் மாறுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இருவரின் பணிப்பட்டியலும் மோதும் நாட்களில் பிள்ளைகளை நம்பி விடுவதற்கு மூன்றாவது ஆள் ஒருவர் உங்கள் தெருவிலோ பக்கத்திலோ இருக்கிறாரா என்பதுதான், உங்கள் இரசாயனவியல் பெறுபேற்றைவிட, இந்தப் படிப்பைத் தீர்மானிக்கப் போகிறது. எங்கள் வகுப்பில் இடையில் விலகிய இரண்டு தாய்மாரும் பாடங்களில் நன்றாகச் செய்தவர்கள்.


பிரசவ அறை எழுதியது:

நான் பதினொரு ஆண்டுகளாக லண்டனில் மருத்துவிச்சியாகப் பணிபுரிகிறேன். மேலே எழுதிய தங்கை படிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டார். ‘முதலில் தாதியர் படிப்பு’ என்ற யோசனையைப் பற்றியும், உங்கள் அம்மாவின் கேள்வியைப் பற்றியும் நான் எழுதுகிறேன். இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்.

நம் மக்களிடையே மருத்துவிச்சி என்பவர் வைத்தியருக்கும் தாதிக்கும் கீழே நிற்கும் உதவியாள் என்ற எண்ணம் இருக்கிறது. இங்கு அப்படியல்ல. 1902ஆம் ஆண்டின் மருத்துவிச்சியர் சட்டத்திலிருந்தே இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இது சட்டத்தால் ஒழுங்குபடுத்தப்பட்ட தனித் தொழில். சிக்கலற்ற கர்ப்பத்தில் முதல் சந்திப்பிலிருந்து பேறு வரை, அதன் பின்னர் தாயும் சேயும் வீட்டில் இருக்கும் நாட்கள் வரை, பொறுப்பாக இருப்பவர் மருத்துவிச்சியே. வைத்தியர் அந்த அறைக்குள் வராமலே பெரும்பாலான நாட்கள் முடியும். ஆனால் எப்போது அவரை அழைக்க வேண்டும் என்பதை அறிந்திருப்பதுதான் நம் கல்வியின் பாதி. நச்சுக்கொடி வந்த பின்னர் குருதி நிற்காமல் போகும்போதும், தலை வந்து தோள் சிக்கிக்கொள்ளும்போதும், உதவி வந்து சேரும்வரையிலான அந்தச் சில நிமிடங்களில் செய்ய வேண்டியதைச் செய்பவர் நீங்கள்தான். 2019இல் வெளியான தகைமை நியமங்களின்படி, புதிதாகப் பிறந்த குழந்தையின் கண், இதயம், இடுப்பு மூட்டு ஆகியவற்றை முழுமையாகப் பரிசோதிப்பதும் பட்டப்படிப்பிலேயே கற்பிக்கப்படுகிறது. பல்கலைக்கழகம் எதற்கு என்று கேட்கும் அம்மாவிடம் இதைச் சொல்லலாம். அவர் ஏற்கிறாரோ இல்லையோ!

ஆகவே மருத்துவிச்சியாக வேண்டும் என்பதே நோக்கமானால், தாதியர் படிப்பு அதற்குப் படிக்கட்டு அன்று. மூன்று ஆண்டுகள் நோயுள்ளவர்களைப் பராமரிக்கக் கற்று, பின்னர் வேறொரு பதிவேட்டுக்காக மீண்டும் படிப்பது சுற்றுவழி. வேலை உறுதி என்று உங்கள் கணவர் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. அண்மைக் காலத்தில் புதிதாகத் தகுதி பெற்ற மருத்துவிச்சியருக்குச் சில வட்டாரங்களில் வேலையிடம் கிடைப்பது முன்பு போல எளிதாக இல்லை. விடுதிகளில் ஆட்பற்றாக்குறை, ஆனால் புதியவரை எடுக்க நிதியில்லை என்ற விந்தையான நிலை. 2025 ஆகஸ்ட்டில் அரசு, பட்டம் பெறும் தாதியருக்கும் மருத்துவிச்சியருக்கும் வேலை உறுதித் திட்டம் ஒன்றை அறிவித்தது. ஆனால் வேலை எங்கே கிடைத்தாலும் அந்த மருத்துவமனைக்குப் போய்வரக்கூடிய நிலையில் நீங்கள் இருக்கிறீர்களா என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். ஐந்தாம் சம்பளப் படியில் தொடங்கி, வழிகாட்டலுடன் கூடிய தொடக்கக் காலத்தை நிறைவு செய்த பின்னர் ஆறாம் படிக்குச் செல்வீர்கள்.

தமிழ் தெரிந்திருப்பதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் எழுதுகிறேன், ஏனெனில் முதல் வாரத்திலேயே இது உங்கள் முன் வரும். நான் மாணவியாக இருந்தபோது, வன்னியிலிருந்து வந்து ஒரு வருடம்கூட ஆகாத பெண் ஒருவர் நள்ளிரவில் தனியாகக் கொண்டுவரப்பட்டார். கணவர் வேறொரு நகரில் வேலையில் இருந்தார். “பயப்படாதேங்கோ, நான் பக்கத்திலதான் நிக்கிறன்” என்ற ஒரு வசனம் அவருடைய மூச்சையே மாற்றியதைக் கண்டேன். ஆனால் அதே இரவில், சத்திரசிகிச்சைக்கான சம்மதத்தை நான் மொழிபெயர்க்க வேண்டும் என்று கேட்டபோது, என் மேற்பார்வையாளர் அதை அனுமதிக்காமல் தொலைபேசி வழியாகத் தொழில்முறை மொழிபெயர்ப்பாளரை அழைத்தார். அப்போது எனக்குச் சற்று வருத்தமாக இருந்தது. இப்போது நானும் அதையே செய்கிறேன். ஆறுதல் சொல்வதற்குத் தமிழ் போதும். சம்மதம் வாங்குவதற்கு, இரு மொழியிலும் மருத்துவச் சொற்களைப் பிழையில்லாமல் கையாளத் தெரிந்த, அதற்கென்றே பொறுப்பேற்ற ஒருவர் வேண்டும். விடுதியில் உள்ளவர்கள் அவசரத்தில் உங்களை அழைப்பார்கள். பணிவாக மறுக்கப் பழகிக்கொள்ளுங்கள்.

மொழியைவிட அதிகம் உதவுவது நம் வீடுகளைப் பற்றிய அறிவு. தெற்காசியப் பெண்களுக்குக் கர்ப்பகால நீரிழிவின் அபாயம் கூடுதல் என்பதால், 24ஆம் வாரத்துக்கும் 28ஆம் வாரத்துக்கும் இடையில் 75 கிராம் குளுக்கோசு குடிக்கவைத்துச் செய்யும் பரிசோதனை அவர்களுக்கு வழங்கப்படும். முடிவு வந்த பின்னர் ஊட்டத் துண்டுப்பிரசுரத்தில் பாணும் உருளைக்கிழங்கும் பாஸ்தாவும்தான் இருக்கும். மூன்று வேளையும் சோறு, புட்டு, இடியப்பம் என்று சாப்பிடுகிற பெண்ணுக்கு அது எந்த வகையில் உதவும்? சிவப்பரிசி மாவில் எத்தனை இடியப்பம், கறியையும் முட்டையையும் எந்த அளவில் கூட்டுவது என்று பேசத் தெரிந்தவர் ஒருவர் அந்த அறையில் இருந்தால் அவருடைய சீனி அளவே மாறுகிறது. பேற்றுக்குப் பின்னர் 31 நாள் துடக்கு (தீட்டு), மருந்துச் சரக்குகள் சேர்த்த சரக்குக் கறி, தலைக்குக் குளிப்பதைப் பற்றிய மாமியாரின் கட்டளை என்று வரும்போது, எதைத் தடையின்றி விடலாம், சீம்பாலைப் பீய்ச்சி வெளியே ஊற்றிவிடுவது போன்ற எதை மென்மையாக மறித்துச் சொல்ல வேண்டும் என்பது உங்களுக்குப் பாதி ஏற்கெனவே தெரியும்.

குழந்தையின் நிறத்தைப் பற்றியும் ஒன்று. மாநிற, கறுப்பு நிறக் குழந்தைகளில் மஞ்சள் காமாலையைத் தோலை மட்டும் பார்த்துக் கண்டுபிடிக்க முயல்வது தவறிப்போகும். நல்ல வெளிச்சத்தில் கண்ணின் வெண்பகுதியையும் பல்முரசையும் (ஈறு) பார்க்க வேண்டும், ஐயமிருந்தால் அளந்தே தீர வேண்டும். பிறந்தவுடன் மதிப்பிடும் அப்கார் புள்ளிகளில் ‘இளஞ்சிவப்பு’ என்ற சொல் வெள்ளைத் தோலை மனத்தில் வைத்து எழுதப்பட்டது என்ற விவாதம், 2023இல் தேசிய சுகாதார சேவையின் இன, சுகாதார அவதான நிலையம் வெளியிட்ட மீளாய்வுக்குப் பின்னர் விடுதிகள் வரை வந்திருக்கிறது. தாய்மார் இறப்புகளை ஆராயும் தேசிய அறிக்கைகள், ஆசியப் பெண்களின் இறப்பு வீதம் வெள்ளையினப் பெண்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு என்று பல ஆண்டுகள் தொடர்ந்து காட்டின. கருப்பினப் பெண்களின் நிலை அதைவிட மோசம். இந்த எண்களை நீங்கள் முதலாம் ஆண்டு விரிவுரையில் கேட்பீர்கள்; அப்போது அந்த அறையில் நீங்கள் ஒருவர் மட்டுமே ஆசியப் பெண்ணாக இருக்கவும்கூடும்.

கடைசியாக, நேர்முகத் தேர்வில் எவரும் கேட்காத ஒன்று. எல்லாப் பேறும் அழுகுரலில் முடிவதில்லை. 24 வாரத்துக்குப் பின்னர் உயிரின்றிப் பிறக்கும் குழந்தையின் தாய்க்கும் வலி அதே வலிதான், பேறும் அதே பேறுதான், பக்கத்தில் இருப்பவரும் மருத்துவிச்சிதான். அந்தக் குழந்தையைக் குளிப்பாட்டி, உடுப்புப் போட்டு, கால் அடையாளத்தை அட்டையில் பதித்துக் கொடுப்பதும் நம் வேலை. முதல் தடவை நான் வீட்டுக்குப் போகும் பேருந்தில் இரண்டு தரிப்புகள் தாண்டிப் போய்விட்டேன்.


மதுரைச் செவிலி எழுதியது:

வணக்கம் அக்கா. முன்னர் எழுதியவர் சொன்னதில் ஓர் இடத்தில் மட்டும் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. நான் தமிழ்நாட்டில் நான்காண்டு பி.எஸ்சி. நர்சிங் முடித்தவள். அங்கே செவிலியர் படிப்பும் மகப்பேறு உதவிப் படிப்பும் ஒன்றாகவே இருக்கும். படித்து முடித்தால் ஒரே பதிவில் செவிலியர், மகப்பேறு உதவியாளர் என்ற இரண்டு தகுதியும் சேர்ந்து வரும். 1926ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் சென்னையில் அமைந்த மன்றத்தின் பெயரிலேயே இரண்டும் சேர்ந்திருக்கின்றன. மகப்பேற்றுக்கென்று நேரடியாகச் சேரும் தனிப் பட்டம் எங்களுக்கு இல்லை. 2018ஆம் ஆண்டின் மத்திய அரசு வழிகாட்டுதலுக்குப் பிறகுதான், ஏற்கெனவே செவிலியராக இருப்பவர்களுக்கு 18 மாதச் சிறப்புப் பயிற்சி ஒன்று வந்தது.

இங்கே வந்தபோது அந்த இரட்டைத் தகுதி என்னோடு முழுதாக வரவில்லை. செவிலியர் பதிவேடு வேறு, மருத்துவிச்சியர் பதிவேடு வேறு, தேர்வுகளும் வேறு. நான் செவிலியராகப் பதிவு செய்து மூன்று ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, வயதுவந்த நோயாளிகளைப் பராமரிக்கப் பதிவு பெற்ற செவிலியர்களுக்கான சுருக்கப் படிப்பில் சேர்ந்தேன். இரண்டு ஆண்டுகள், 3,600 மணிநேரம். அதற்கான இடங்கள் மிகக் குறைவு. ஆகவே அந்த வழியை நம்பி நீங்கள் செவிலியர் படிப்பில் சேர வேண்டாம் என்பதில் எனக்கும் உடன்பாடே.

மாறுபடுவது இங்கேதான். உங்கள் வீட்டு வருமானம் ஒருவருடைய சம்பளத்தில் நிற்கிறது என்று தோன்றுகிறது. செவிலியருக்கு மருத்துவமனை, முதியோர் இல்லம், குடும்ப மருத்துவர் நிலையம், பள்ளி என்று வேலைக்குப் பல கதவுகள். பகல்நேரத்தில் மட்டும் செய்யக்கூடியவையும் அவற்றில் உண்டு. மருத்துவிச்சிக்கு அத்தனை கதவுகள் இல்லை, பேறு பகலில் மட்டும் நடப்பதுமில்லை. மருத்துவிச்சி வேலையின் மீதே ஆசை என்றால் யோசிக்காமல் நேரடியாகப் போங்கள். சுகாதாரத் துறையில் ஒரு நல்ல வேலை என்பதுதான் ஆசை என்றால், கணவர் சொல்வதை ஒரு வாரம் வைத்து யோசியுங்கள். இந்த இரண்டில் எது என்பதை எழுத்திலிருந்து என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

நான் இங்கே மறந்து கற்றவற்றையும் சொல்ல வேண்டும். நான் பயிற்சி பெற்ற பிரசவ அறையில் முதல் பிரசவம் என்றால் குழந்தை வரும் வாயிலைக் கத்தரிப்பது வழக்கமாகவே இருந்தது. பெண் மல்லாந்துதான் படுக்க வேண்டும். கத்தினால் அதட்டுவார்கள், நானும் அதட்டியிருக்கிறேன். இங்கே முதல் வாரத்தில் ஒரு பெண் நான்கு கால்களில் ஊன்றியபடி பிரசவித்தபோது, என் கைகளுக்கு எந்தப் பக்கம் மேல், எந்தப் பக்கம் கீழ் என்பதே புரியவில்லை. ஏழாண்டு அனுபவம் அன்றைக்கு எனக்கு உதவவில்லை. அனுபவமில்லாமல் வருகிறோமே என்று நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.


வல்லிபுரக்காரி எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மதுரைத் தங்கை கேட்டதற்கு நேர்மையாகப் பதில் சொல்வதானால், தாதியாக என்னை நான் ஒருபோதும் கற்பனை செய்து பார்த்ததில்லை. கணவரிடம் இந்தத் திரியை வாசித்துக் காட்டினேன். 4,600 என்ற எண்ணைக் கேட்டு அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, தன் பணியிடத்தில் நிலையான காலைப் பணிநேரத்துக்கு விண்ணப்பிக்க முடியுமா என்று பார்ப்பதாகச் சொன்னார். பக்கத்துத் தெருவில் என் சின்னம்மா இருக்கிறார், ஆனால் அவருக்கு முழங்கால் வருத்தம். இதை இன்னும் யோசிக்க வேண்டும்.

இரண்டு சிறு வினாக்கள். கணிதத்தில் நான் வல்லவள் அல்லள். அது படிப்புக்குள் எந்த அளவுக்கு வரும்? பாடசாலை உணவறை வேலையை விண்ணப்பத்தில் எழுதினால் சிரிப்பார்களா?


மூன்றாமாண்டு மாணவி எழுதியது:

கணிதம் மருந்துக் கணக்காக வரும். பட்டம் பெறுவதற்கு முன்னர் அந்தத் தேர்வில் நூற்றுக்கு நூறு எடுக்க வேண்டும், தொண்ணூற்றொன்பது போதாது. இதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், ஏனெனில் அதில் வருவது மில்லிகிராமை மைக்ரோகிராமாக மாற்றுவதும், ஒரு மணிநேரத்துக்கு எத்தனை மில்லிலீற்றர் என்று வகுப்பதும்தான். தசமப் புள்ளி ஓர் இடம் தவறினால் மருந்து பத்து மடங்காகும் என்பதால்தான் முழுப் புள்ளி கேட்கிறார்கள். நான் பேருந்தில் போகும்போது நாளுக்குப் பத்துக் கணக்காகப் போட்டுப் பழகினேன்.

உணவறை வேலையை நிச்சயம் எழுதுங்கள். 2026 சேர்க்கையிலிருந்து யூகாஸ் (பல்கலைக்கழக விண்ணப்பங்களைக் கையாளும் நிறுவனம்) விண்ணப்பத்தின் தன்விளக்கக் கட்டுரை மூன்று கேள்விகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது: ஏன் இந்தப் படிப்பு, உங்கள் கல்வி எவ்வாறு ஆயத்தப்படுத்தியது, கல்விக்கு வெளியே என்ன செய்தீர்கள். மூன்றாவதுக்கு உங்களிடம் நல்ல பதில் இருக்கிறது. ஒவ்வாமை உள்ள பிள்ளையின் தட்டு வேறொரு பிள்ளையின் தட்டோடு மாறிவிடாமல் பார்த்துக்கொள்வது, ஒரு பிள்ளை சில நாட்களாகச் சாப்பிடாததைக் கவனித்து உரியவரிடம் சொல்வது, அதைப் பதிவு செய்வது ஆகியவை நாங்கள் விடுதியில் நாள்தோறும் செய்யும் வேலையின் அதே வகை. முதல் கேள்விக்கு, ‘எனக்குக் குழந்தைகள் மீது பிரியம்’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். தேர்வாளர்கள் அதை ஆயிரம் தடவை வாசித்திருப்பார்கள்; தவிர, நம் வேலை முதலில் அந்தப் பெண்ணோடுதான். உங்கள் இரண்டாவது பேற்றில் அனுமதி கேட்ட அந்த மருத்துவிச்சியைப் பற்றி இங்கே எழுதியதை அப்படியே எழுதுங்கள். ஐந்து இடங்களுக்கு விண்ணப்பிக்கலாம், முடிவுத் திகதி ஜனவரியில் வரும். பயிற்சிக்கு எந்தெந்த மருத்துவமனைகளுக்கு அனுப்புவார்கள், விடியற்காலையில் அங்கே போகப் பேருந்து இருக்கிறதா என்பதையும் தெரிவுக்கு முன்னர் பாருங்கள்.


வல்லிபுரக்காரி எழுதியது:

இரண்டு வாரத்துக்குப் பின்னர் எழுதுகிறேன், இதே நிலையில் இருப்பவர்களுக்குப் பயன்படலாம். மூன்று பல்கலைக்கழகங்களுக்குச் சான்றிதழ்ப் பிரதிகளுடன் மின்னஞ்சல் அனுப்பினேன். ஒன்று என் சாதாரண தரக் கணிதத்தை ஏற்பதாகவும், ஆங்கிலத்தை மட்டும் இங்கு எழுத வேண்டும் என்றும் பதிலளித்தது. மற்றொன்று இரண்டையும் ஜிசிஎஸ்இயாகவே கேட்கிறது. மூன்றாவது இன்னும் பதில் அனுப்பவில்லை. வீட்டுக்கு அருகிலுள்ள கல்லூரியில் அக்சஸ் படிப்பின் திறந்தநாள் அடுத்த புதன்கிழமை மாலை நடக்கிறது. அன்று கணவருக்குக் காலைப் பணி.